திவால் சட்டமும் சிறு சேமிப்புக்காரரும்

இங்கிலாந்தின் மேல் கோர்ட்டுகள் 2022 முதல் 2025 வரையில் திவால் விஷயமாகச் சில முக்கியமான தீர்ப்புகளை வழங்கியிருக்கின்றன. நொடிந்துபோகும் கம்பெனியின் டைரக்டர்கள் யாருக்குக் கடமைப்பட்டவர்கள், கடன் கொடுத்தோரில் பெரியவர்கள் சேர்ந்து சிறியவர்களின் தலையில் ஒரு திட்டத்தைச் சுமத்தலாமா, ஒரு தேசத்தில் திவாலானவனுடைய சொத்து மற்றொரு தேசத்தில் இருந்தால் அதை யார் கைப்பற்றலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கு அவை விடையளிக்கின்றன. லண்டன் வக்கீல்களுக்கும் பாங்கிக்காரருக்கும் உரிய இந்த விஷயம் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் வசிக்கும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பென்ஷன் பணத்தை நிதியில் போட்டு வட்டியால் ஜீவனம் செய்பவரும், கட்டி முடியாத அடுக்கு வீட்டுக்கு மாதந்தோறும் பாங்கித் தவணை செலுத்துபவரும் நம் பகுதியில் நிரம்ப இருக்கின்றனர். இவர்கள் தங்களைக் கடன் கொடுத்தவர்களாக ஒருநாளும் கருதுவதில்லை. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டவன் நொடிந்த அன்றே சட்டம் இவர்களைக் கடன் கொடுத்தோர் வரிசையில் நிறுத்துகிறது. பெரும்பாலும் அவ்வரிசையின் கடைசியில்.

ஆகவே இத்தீர்ப்புகளை நம் கண்கொண்டு பார்ப்பது அவசியமாகிறது.

ஆர்பத்நாட் கற்பித்த பாடம்

திவால் வழக்கில் சென்னைக்கும் லண்டனுக்கும் உள்ள சம்பந்தம் புதிதன்று. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சென்னைக் கடற்கரையின் பெரிய வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனங்களில் ஒன்றான ஆர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. உத்தியோகஸ்தர், விதவைகள், கோயில் தர்மகர்த்தாக்கள், ஜமீன்தார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் நடத்தும் வீடு என்பதே அவர்களுக்கு இருந்த ஈடு. லண்டனில் மக்பாடியன் கம்பெனி என்னும் பெயரால் நடந்த ஸ்தாபனத்துக்கும் சென்னை ஆர்பத்நாட்டுக்கும் பங்காளிகள் ஒருவரே. லண்டன் வீடு நொடிந்தது. அதன் பங்காளி உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னை வீடும் உடன் விழுந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர் விசாரிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அக்காலத்தில் அந்தஸ்துள்ள ஆங்கிலேயர் ஒருவர் இவ்வாறு சிறை சென்றது ஆச்சரியமாகப் பேசப்பட்டது. ஆனால் டிபாசிட்தாரருக்கு அதனால் பணம் திரும்பவில்லை.

இதில் நாம் மறந்துபோன ஓர் அம்சம் உண்டு. ஒரே பங்காளிகளின் இரண்டு வீடுகள் இரண்டு தேசங்களில் திவாலாயின. லண்டனில் ஒரு டிரஸ்டியும் சென்னையில் அபிஷியல் அஸைனியும் தனித்தனியே சொத்துக்களைக் கைப்பற்றினார்கள். லண்டன் சொத்து லண்டன்காரருக்கு, சென்னைச் சொத்து சென்னைக்காரருக்கு என்று பிரித்தால் எந்த ஊரில் அதிகம் மிஞ்சியதோ அந்த ஊர்க்காரன் பிழைப்பான்; மற்றவன் சாவான். இரு அதிகாரிகளும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, இரு பக்கத்துச் சொத்தையும் பொதுவாகக் கருதி, இரு பக்கத்தாருக்கும் சரிசமமான விகிதத்தில் பங்கு கொடுக்க முற்பட்டார்கள். அவ்வுடன்படிக்கை லண்டன் கோர்ட்டில் ஆட்சேபிக்கப்பட்டது. 1908ல் நீதிபதி பிகாம் அது நியாயமானது, எல்லோருக்கும் நன்மை பயப்பது என்று ஏற்றுக்கொண்டார். சட்டத்தில் அப்படியொரு வழி எழுதப்பட்டிருக்கவில்லை. பொதுப்புத்தி கொண்ட இரண்டு அதிகாரிகளும் ஒரு நீதிபதியும் அவ்வழியை உண்டாக்கினார்கள்.

அவ்விபத்திலிருந்து சென்னைக்கு இரண்டு பலன்கள் கிடைத்தன. வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலிய பிரமுகர்களின் முயற்சியால் 1907ல் இந்தியன் பாங்கி தோன்றியது. 1848ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு செய்த பழைய திவால் சட்டம் நீங்கி, 1909ஆம் ஆண்டின் ராஜதானி நகரத் திவால் சட்டம் வந்தது. முன்னது தேசாபிமானத்தின் விளைவு. பின்னதோ இங்கிலாந்தின் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதிய பிரதி. அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

டைரக்டர்களின் கடமை

முதல் கேள்விக்கு வருவோம். கம்பெனி செழிப்பாக இருக்கும்வரை டைரக்டர்கள் பங்குதாரரின் நன்மையை நாடி நடப்பது இயல்பு. கம்பெனி நொடிந்துவிட்டால், மிஞ்சிய சொத்து உண்மையில் கடன் கொடுத்தவருடையதே. பங்குதாரருக்கு அதில் ஒன்றும் கிடையாது. இடைப்பட்ட காலத்தில், அதாவது கப்பல் மூழ்காமலும் ஆனால் ஓட்டையாகியும் இருக்கும்போது, டைரக்டர் யாருடைய நன்மையைப் பார்க்கவேண்டும்?

2022 அக்டோபர் 5ஆம் தேதி பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு செக்வானா வழக்கில் இதற்கு விடை கூறியது. 2009ல் ஒரு கம்பெனி தன் தாய்க் கம்பெனிக்கு 13 கோடியே 50 லட்சம் யூரோ லாபப் பங்கு கொடுத்தது. அதன் தலைமேல் அமெரிக்க ஆற்று மாசு ஒன்றைச் சுத்தம் செய்யவேண்டிய பெரும் பொறுப்புத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அளவு அப்போது நிச்சயமாகவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கம்பெனி திவாலாயிற்று. திவால் நேரும் என்பது சமீபித்துவிட்டாலோ, நேர்வதே சம்பவம் என்று தெரிந்தாலோ, டைரக்டர்கள் கடன் கொடுத்தோரின் நன்மையையும் கவனித்தே தீரவேண்டும். நிலைமை மோசமாக ஆக, அந்நன்மையின் கனம் ஏறிக்கொண்டே போகும். திவால் தவிர்க்கவொண்ணாத நிலையில் அதுவே முதன்மை பெறும் என்று கோர்ட்டார் விதித்தனர். எனினும் திவாலுக்கு ஏதோ ஒரு வாய்ப்பு உண்டு என்பது மட்டும் போதாது என்றும் சொல்லி, அவ்வழக்கில் 2009ல் அந்நிலை வரவில்லையாதலால் டைரக்டர்களை விடுவித்தனர்.

விதி கூறியவர்கள் ஒருவரையும் பிடிக்கவில்லையே என்று எண்ணுவோருக்கு 2024 ஜூன் மாதத் தீர்ப்பு பதிலளிக்கிறது. பி.எச்.எஸ். என்பது பிரிட்டன் முழுவதும் கிளைகளுடன் இருந்த பெரிய ஜவுளிச் சாமான் கடை. 2015ல் அது ஒரே ஒரு பவுனுக்கு விற்கப்பட்டது. 2016ல் விழுந்தது. சுமார் 11,000 பேர் வேலையிழந்தார்கள். பென்ஷன் நிதியில் பெருங்குழி விழுந்திருந்தது. கம்பெனி தப்பிப் பிழைக்கும் என்று நியாயமாக நம்ப இடமில்லாத காலத்திலும் வியாபாரத்தை நடத்தி மேலும் கடன் ஏற்றியதற்காகப் பழைய டைரக்டர்கள் தங்கள் சொந்தக் கைப்பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று லண்டன் ஹைகோர்ட்டு கண்டது.

நம் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 66ஆவது பிரிவிலும் ஏறக்குறைய இதே விதி இருக்கிறது. வாசகத்தில் நமக்குக் குறைவில்லை, பிரயோகத்தில்தான் குறைவு. கம்பெனி திவாலான பின்பு அதை நடத்தும் அதிகாரி, பழைய கணக்குகளைத் தோண்டி, டைரக்டர்மீது மனுப் போட்டு, அதை நடத்தி முடிக்கவேண்டும். அதற்குப் பணமும் காலமும் வேண்டும். கடன் கொடுத்த பாங்கிகளோ கிடைத்ததை வாங்கிக்கொண்டு வழக்கை மூடிவிடவே அவசரப்படுகின்றன. பி.எச்.எஸ். வழக்கை எட்டாண்டு விடாமல் நடத்தியவர்களின் பிடிவாதம் நம்மிடையே வேண்டும்.

பெரியவர் கூடிச் சிறியவரைக் கட்டலாமா?

இரண்டாவது கேள்விதான் நமக்கு மிக முக்கியமானது. நொடியும் ஸ்தாபனத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கடன் கொடுத்தவர் அனைவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒருமனதாக ஒப்புவது நடவாது. ஆதலின் பெரும்பான்மை ஒப்பினால் சிறுபான்மையைக் கட்டலாம் என்று எல்லா தேசத்துச் சட்டமும் சொல்கிறது. 2020ல் இங்கிலாந்து இதற்கும் மேலே ஒரு படி சென்றது: கடன் கொடுத்தோரில் ஒரு வகுப்பார் முழுவதும் எதிர்த்தாலும், சில நிபந்தனைகள் நிறைவேறினால், கோர்ட்டு திட்டத்தை அங்கீகரித்து அவர்களையும் கட்டலாம். திட்டம் இல்லாவிட்டால் கிடைத்திருப்பதைவிட எதிர்ப்போருக்குக் குறையக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனை.

இந்நிபந்தனை மட்டும் போதுமா? திட்டம் இல்லாவிட்டால் உனக்குச் சைபர். திட்டத்தில் உனக்கு ஒரு காசு. ஆகவே வாயை மூடு என்று சொல்லலாமா? 2024 ஜனவரி 23ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு ஆட்லர் வழக்கில் கூடாது என்றது. அது ஒரு ஜெர்மானிய வீடு, மனைக் கம்பெனி. அதன் கடன் பத்திரங்கள் 2024 முதல் 2029 வரை வெவ்வேறு ஆண்டுகளில் தவணை முடிவன. திவால் நேர்ந்தால் எல்லாப் பத்திரக்காரரும் சரிசமமாகப் பங்கு பெறுவர். திட்டமோ தவணை முறையை அப்படியே வைத்தது. முந்திய தவணைக்காரர் முழுப்பணமும் பெற்றுப் போனபின், பணம் தீர்ந்துவிட்டால் 2029ஆம் ஆண்டுக்காரர் வெறுங்கையோடு நிற்கவேண்டும். பந்தியில் எல்லோருக்கும் ஒரே விலை வாங்கிவிட்டு, முதல் வரிசைக்கு மட்டும் பாயசம் பரிமாறும் காரியத்தை ஒப்பமுடியாது என்று மூன்று நீதிபதிகளும் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். 2025 ஜூலை 1ஆம் தேதி பெட்ரோபாக் வழக்கில் அதே கோர்ட்டு இன்னும் தெளிவாகப் பேசியது: ஸ்தாபனம் பிழைப்பதால் உண்டாகும் லாபம் யாருடைய தியாகத்தால் உண்டாகிறதோ அவர்களுக்கு அதில் நியாயமான பங்கு போகவேண்டும், புதுப்பணம் போடுவோர் அளவுக்கு மீறி வாரிக்கொண்டு போகத் திட்டம் ஒரு கருவியாகக் கூடாது.

நம் தேசத்தில் நிலைமை என்ன? 2019 நவம்பர் 15ஆம் தேதி எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வேறு திசையில் சென்றது. கடன் கொடுத்த பாங்கிகளுக்கும் சரக்குக் கொடுத்த வியாபாரிகளுக்கும் சமவிகிதமாகப் பங்கு கொடுக்கவேண்டும் என்று அப்பீல் டிரிப்யூனல் செய்த உத்தரவை அது ரத்து செய்தது. சமமானவர்களையே சமமாக நடத்தவேண்டும். ஈடு பெற்றவரும் பெறாதவரும் சமமல்லர். எவ்வளவு பங்கு யாருக்கு என்பது கடன் கொடுத்தோர் கமிட்டியின் வியாபார விவேகத்தைச் சேர்ந்தது. கோர்ட்டு அதில் தலையிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தக் கமிட்டியில் வாக்குரிமை பெரும்பாலும் பாங்கிகளுக்கே. சரக்குக் கொடுத்தவருக்குச் சட்டம் உறுதியளிப்பது, கம்பெனியைக் கலைத்து விற்றால் என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாத தொகை. கலைத்து விற்றால் ஈடு பெற்ற பாங்கியே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமாதலால் அத்தொகை பலமுறை சைபராகவே முடிகிறது. திருமுடிவாக்கத்திலோ பம்மலிலோ சிறு பட்டறை வைத்து, பெரிய கம்பெனிக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்து, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வரும் என்று காத்திருப்பவனுக்கு அந்தச் சைபரின் பொருள் நன்றாகத் தெரியும்.

எஸ்ஸார் தீர்ப்புக்கு நியாயம் இல்லாமலில்லை. பாங்கிகளின் பணமும் ஜனங்களின் டிபாசிட் பணந்தானே? ஒவ்வொரு திட்டத்தையும் கோர்ட்டு அலசத் தொடங்கினால், 330 நாளில் முடியவேண்டிய காரியம் மூன்று வருஷமாகும். அதற்குள் ஆலை துருப்பிடிக்கும். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பெட்ரோபாக் கம்பெனியே அத்தீர்ப்பு வந்த ஆண்டின் அக்டோபரில் நிர்வாக அதிகாரிகளின் கைக்குப் போய்விட்டது. பெரிய ஒப்பந்தம் ஒன்று கைநழுவியது அதற்கு உடனடிக் காரணமாயினும், தாமதமும் ஒரு விலைதான். ஆனால் விவேகம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது நியாயமும் ஆகிவிடாது. கமிட்டியில் வாக்கில்லாதவனுடைய நஷ்டத்தை வாக்குள்ளவன் தீர்மானிக்கும்போது, அவன் கணக்கை யாராவது ஒருவர் சோதித்துப் பார்க்கவேண்டும். எஞ்சியதில் இன்னின்னாருக்கு இவ்வளவு, இந்தக் காரணத்தால் என்று கமிட்டி எழுத்தில் காட்டவேண்டும் என்றும், அக்காரணம் வெளிப்படையாகத் தகாததாயின் டிரிப்யூனல் திருப்பி அனுப்பலாம் என்றும் விதித்தால் எத்தனை நாள் வீணாகிவிடும்? இங்கிலாந்தின் முறையை முழுவதும் பெயர்த்துக்கொண்டு வருமாறு நாம் சொல்லவில்லை. அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றே சொல்கிறோம்.

வீடு வாங்கினோர் நிலைமை

வண்டலூர், மேடவாக்கம், முடிச்சூர் பக்கங்களில் வீடு பதிவு செய்தோர் விஷயத்தில் நம் சட்டம் இங்கிலாந்தையும் மிஞ்சி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கட்டடக் கம்பெனி திவாலானால் முன்பு வீடு வாங்கியவன் கடன் கொடுத்தவனா, சரக்கு வாங்கியவனா என்பதே புலப்படவில்லை. 2018 ஜூன் 6ஆம் தேதி அவசரச் சட்டம் அவனைப் பாங்கியோடு ஒத்த கடன் கொடுத்தவனாக்கிக் கமிட்டியில் இடமளித்தது. 2019 ஆகஸ்டு 9ஆம் தேதி பயனீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதை நிலைநிறுத்தியது. ஆனால் கொடுத்த கையே கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொண்டது: ஒரே திட்டத்தில் 100 பேராவது, அல்லது பத்தில் ஒரு பங்கினராவது சேர்ந்தால்தான் மனுப் போடலாம் என்று 2019 டிசம்பரில் விதி வந்தது, 2021 ஜனவரியில் அதுவும் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, வசிப்பதற்காக வாங்கியவனையும் நிச்சய லாபம் வாக்களிக்கப்பட்டுப் பணம் போட்ட வியாபாரியையும் பிரித்து, பின்னவன் திவால் சட்டத்தை வசூல் கருவியாக்கக் கூடாது என்றது. இப்பிரிவினை சரியானதே.

எனினும் பெயரில் பாங்கிக்குச் சமமானவன் பலனில் சமமல்லன். கம்பெனி கலைக்கப்பட்டால் 53ஆவது பிரிவின் வரிசையில் ஈடு பெற்ற பாங்கி முன்னே நிற்கும். ஈடில்லாத வீட்டுக்காரன் பின்னே நிற்பான். ஆகையால் அவனுக்குத் திவால் மனு கடைசி ஆயுதம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அதிகாரியிடம் முறையிடுவதும், ஒரே கட்டடத்தார் சங்கமாகச் சேர்வதும், நிலத்தின்மேல் அடமானம் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று பார்ப்பதும் அதற்கு முன்பு செய்யவேண்டியவை.

டிபாசிட்தாரர் எங்கே போவது?

இவர்களைவிடப் பரிதாபமானவர் நிதியிலும் தனியார் பைனான்ஸிலும் பணம் போட்டவர். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் கம்பெனி என்பதற்கு அளிக்கப்பட்ட பொருளிலிருந்தே பணத்தொழில் ஸ்தாபனங்கள் விலக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கார் தனியே அறிவித்த பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டும் 2019ல் ஒரு வாசல் திறந்தது. அவ்வாசலில் முதலில் நுழைந்த டி.எச்.எப்.எல். கம்பெனியின் திட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரல் 1ஆம் தேதி நிலைநிறுத்தியது. பொது ஜன டிபாசிட்தாரருக்கு முழுப்பணம் கிடைக்கவில்லை.

நம் மாகாணத்தில் வேறொரு வழி உண்டு. 1990களில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்தபோது 1997ல் தமிழ்நாடு டிபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி சர்க்கார் ஸ்தாபனத்தின் சொத்தை ஜப்தி செய்யலாம். தனிக் கோர்ட்டு அதை விற்று டிபாசிட்தாரருக்குப் பங்கிடலாம். குற்றவாளிக்குப் பத்தாண்டு வரை சிறை. 2011ல் சுப்ரீம் கோர்ட்டு இச்சட்டம் செல்லும் என்றது. நல்ல சட்டம், ஆனால் பணம் மறைந்தபின் ஓடிவரும் சட்டம். 1872ல் தோன்றிய மயிலாப்பூர் நிதியின் டிபாசிட்தாரரே 2024ல் பொருளாதாரக் குற்றப் போலீஸாரிடம் திரளாகச் சென்று முறையிட வேண்டியதாயிற்று. அவ்விஷயத்தில் குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கும். ஆனால் ஒன்றரை நூற்றாண்டுப் பெயரும் ஈடாகாது என்பதை ஆர்பத்நாட் காலத்து டிபாசிட்தாரருக்குப் பிறகு இவர்களும் கண்டார்கள்.

பாங்கி டிபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. நிதிகளுக்கு அது கிடையாது. வட்டி அரை சதவீதம் கூட என்பதற்காக இவ்வித்தியாசத்தை மறப்பது விவேகமன்று.

கடல் கடந்த சொத்து

மூன்றாவது கேள்வி எல்லை கடந்த திவால். 2024 நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு பெட்ஜமோவ் வழக்கில், ரஷ்யக் கோர்ட்டு நியமித்த திவால் அதிகாரி லண்டனில் பெல்கிரேவ் சதுக்கத்தில் உள்ள வீட்டைக் கைப்பற்ற முடியாது என்றது. நிலமும் வீடும் அவை இருக்கும் தேசத்துச் சட்டத்துக்கே உட்பட்டவை. சட்டசபை இடங்கொடுத்தாலன்றி நீதிபதிகள் அதை மாற்றமுடியாது என்பது முடிவு. அப்படியாயின், இங்கே ஜனங்களின் பணத்தை வாரிச் சென்று லண்டனில் மாளிகை வாங்கியவன் கதி என்ன? இங்கிலாந்து 2006லேயே ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரிச் சட்டத்தைத் தழுவி விதிகள் செய்தது. அவ்வழி வருபவருக்கு உதவி கிடைக்கக்கூடும். நாம் அந்த மாதிரியைத் தழுவாமலே காலம் கடத்தினோம். நம் சட்டத்தின் 234ஆவது பிரிவு பிற தேசங்களோடு உடன்படிக்கை செய்யலாம் என்றது. 2016 முதல் அது பெரும்பாலும் காகிதமாகவே கிடந்தது.

இதற்கிடையே நம் பாங்கிகள் சுற்றுவழியே சென்றன. கிங்பிஷர் விமானக் கம்பெனிக்கு ஜாமீன் நின்ற விஜய் மல்லையாவின்மேல் ஸ்டேட் பாங்கி தலைமையில் 13 ஸ்தாபனங்கள் 2017ல் பெங்களூர்க் கடன் வசூல் டிரிப்யூனலில் உத்தரவு பெற்று, அதை இங்கிலாந்தில் பதிவு செய்து, 2018ல் திவால் மனுப் போட்டு, 2021 ஜூலையில் திவால் உத்தரவு பெற்றன. ஈடு பெற்றவர் ஈட்டை விடாமல் திவால் மனுப் போடலாமா என்பது முதலிய ஆட்சேபங்கள் கிளப்பப்பட்டன. 2025 ஏப்ரலில்தான் அவ்வுத்தரவு நிலைக்கும் என்று லண்டன் ஹைகோர்ட்டு சொன்னது. ஸ்டேட் பாங்கிக்கே இத்தனை ஆண்டும் இத்தனை வக்கீல் கட்டணமும் ஆனால், சேலையூர் டிபாசிட்தாரர் சங்கம் என்ன செய்யும்?

2019ல் ஜெட் ஏர்வேஸ் கம்பெனி இந்தியாவிலும் ஹாலந்திலும் ஒரே காலத்தில் திவால் விசாரணைக்கு உட்பட்டபோது, சட்டத்தில் வழி இல்லாமையால் இரு தேசத்து அதிகாரிகளும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். அப்பீல் டிரிப்யூனல் அதை ஏற்றது. 1908ல் ஆர்பத்நாட் விஷயத்தில் செய்தது எதுவோ அதுவே 111 ஆண்டு கழித்தும் செய்யப்பட்டது. அன்று நாம் அடிமைத் தேசம். சட்டம் செய்யும் அதிகாரம் நம்மிடம் இல்லை. இன்று அந்தச் சாக்குச் செல்லாது. 2025 ஆகஸ்டு 12ஆம் தேதி மக்கள் சபையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா எல்லை கடந்த திவாலுக்கு விதி செய்யும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளிக்க முற்பட்டது. அதிகாரம் பெறுவது எளிது. விதி எழுதுவதே காரியம்.

ஊருக்கு ஒரு நீதி

கடைசியாக, கடன் கொடுத்தவனை விட்டுக் கடன்பட்டவனைப் பார்ப்போம். வியாபாரத்தில் நொடிந்த, அல்லது ஆஸ்பத்திரிச் செலவால் மூழ்கிய ஒரு தனி மனிதன் திவால் மனுப் போட விரும்பினால், மயிலாப்பூர்வாசி 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகவேண்டும். தாம்பரவாசியோ பழைய ராஜதானி நகரத்து எல்லைக்கு வெளியே இருப்பதால், 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டப்படி செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டுகளின் எல்லையில் போகவேண்டும். மின்சார ரயிலில் முக்கால் மணி தூரத்தில் சட்டம் மாறுகிறது! 1920ல் எழுதியபோது ஐந்நூறு ரூபாய்க் கடனுக்கும் மனுப் போடலாம் என்றிருந்த சட்டம் அது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி மனிதர் திவாலுக்கும் ஒரு பகுதி எழுதப்பட்டது. ஆனால் 2019 டிசம்பர் 1ஆம் தேதி கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அது அமுலாயிற்று. சாதாரண மனிதனுக்கு அன்று அமுலாகவில்லை. இங்கிலாந்து 1883ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கழற்றி எறிந்து, 1986ல் புதுச் சட்டம் செய்து, 2004 முதல் நேர்மையாக நடந்த திவாலாளிக்கு ஓராண்டில் தானாகவே விடுதலை கொடுக்கிறது. அவர்கள் கழித்த சட்டையின் பிரதியை நாம் நூறாண்டுக்குமேல் உடுத்திக்கொண்டிருக்கலாமா? ஆயிரம் கோடிக் கடன்பட்ட கம்பெனிக்கு ஒன்பது மாதத்தில் மறுபிறவி. ஐந்து லட்சம் கடன்பட்ட மனிதனுக்கு வசூல்காரன் வாசலில் நிற்பது. இது தர்மமன்று.

செய்யவேண்டுவன நான்கு. கடன் கொடுத்தோர் கமிட்டிகள் பங்கீட்டுக்குக் காரணம் எழுதவேண்டும். டிரிப்யூனல் அதைப் பார்க்கவேண்டும். 66ஆவது பிரிவு வழக்குகளை நடத்த ஒரு பொது நிதி ஏற்படுத்தவேண்டும். எல்லை கடந்த திவால் விதிகளும் தனி மனிதர் திவால் பகுதியும் தாமதமின்றி அமுலாகவேண்டும். நிதிகளின் கணக்கை விபத்து நேரும் முன்பே பரிசோதித்து, அதன் முடிவைத் தமிழில் வெளியிடவேண்டும். இவற்றுக்காக நம் பகுதியின் பிரதிநிதிகளை ஜனங்கள் விடாமல் கேட்கவேண்டும்.

1906ல் சென்னை ஜனங்கள் அழுததோடு நிற்கவில்லை. தங்களுக்கென்று ஒரு பாங்கியை எழுப்பினார்கள். சேமிப்பைக் காக்கும் சட்டத்தையும் அவ்வாறே எழுப்புவது நம் தலைமுறையின் கடமை.